ஹாஜியாரும் ஒரு மூட்டை உப்பும்

உப்புக் குடும்பத்தில் பிறந்தவனுக்குத் தீராத பிரச்சினை என்று உலகத்தில் எதுவும் இல்லை. பல் வலித்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். காலில் ஆணி குத்தினால் உப்பு ஒத்தடம். பிள்ளைக்குக் கண்ணூறு பட்டால் உப்பைத் தலையைச் சுற்றி அடுப்பில் போட வேண்டும். புத்தளம் உப்பளத்தில் என் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் இந்த நம்பிக்கையோடுதான் வாழ்ந்து முடித்தார்கள். நானும் அதே நம்பிக்கையோடு வளர்ந்தேன். அந்த நம்பிக்கையால்தான் ஒரு ஹாஜியாரைக் கொன்றேன். (பயப்பட வேண்டாம். மீன்.)

ஹாஜியார் என் மாமாவின் குளத்தில் இருந்த கார்ப் மீன். உடம்பெல்லாம் செம்மஞ்சள், தலையில் மட்டும் தொப்பி போட்டதுபோல வட்டமான வெள்ளை. மாமா என்றால் என் மனைவி ரிஸானாவின் வாப்பா; நாங்கள் குடியிருப்பதும் அவர் வீட்டில்தான். அவருக்கும் மாமிக்கும் ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நின்றது. "நான் போறதுக்குள்ள வீட்டுல ஒருத்தராவது ஹாஜியாரா இருக்கட்டும்" என்று சொல்லி, அந்த மீனுக்கு அவரே பெயர் வைத்தார்.

குளம் என்று சொன்னதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மாம்புரியில் வீட்டின் பின்பக்கம், மாமியின் அறை ஜன்னலுக்கு நேரே, மாமா தன் கையால் சீமெந்து பூசிக் கட்டிய சின்னத் தொட்டி அது. நடுவில் அல்லிக்கொடி, சுற்றிவரச் சிப்பி பதித்த விளிம்பு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். அகதி முகாமில் வருடக்கணக்காகத் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள். சொந்தக் காணி வாங்கி வீடு எழுப்பியபோது சுவருக்குப் பூச்சு வேலை முடிவதற்கு முன்பே மாமா குளத்தைக் கட்டிவிட்டார். ஊர் சிரித்தது. வரிசையில் நிற்காமல் பார்க்கிற தண்ணீர் கொஞ்சம் தனக்கு வேண்டும் என்று மட்டும் அவர் பதில் சொன்னாராம்.

மாமியும் சிரித்தவர்தான். கடற்கரையில் குடியிருந்துகொண்டு தின்னாத மீனுக்குத் தீனி போடுகிற மனுசன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிடுவார். வீட்டில் கறி இல்லாத நாளில் மாமாவைப் பார்த்துக்கொண்டே, ஹாஜியாருக்கு எவ்வளவு புளி போட வேண்டிவரும் என்று சத்தமாகக் கணக்குப் பார்ப்பார்.

மாரி மழை ஓய்ந்து, பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால், வருடத்துக்கு ஒரு முறை மாமா குளத்தைத் துப்புரவு செய்வார். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பழைய தண்ணீரை வாளியில் எடுத்துப் பிள்ளை குளிப்பாட்டும் பேசினில் ஊற்றி, மீன்களை அதில் மாற்றுவார். குளத்தை முழுசாக இறைக்க மாட்டார். மூன்றில் ஒரு பங்கு பழைய தண்ணீரை விட்டுவிடுவார். அழுகிய அல்லி இலையை மட்டும் கிள்ளுவார். சேற்றை அள்ளித் தேசிக்காய் மரத்தடியில் போடுவார். சுவரில் உள்ள பாசியை மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு, கொஞ்சம் இருக்கட்டும், மீனுக்கும் தன் வீடு என்று அடையாளம் தெரிய வேண்டாமா என்பார். பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சில நாட்களுக்கு ஊற்றுவார். நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்தபடி, இவ்வளவு சின்னத் தொட்டிக்கு இவ்வளவு பெரிய ஆரவாரமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மாரியில் மாமா மௌத்தானார். லுஹர் தொழப் பள்ளிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பள்ளியிலிருந்து வந்தவர்கள் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் நான்தான் உள்ளே போய் மாமியிடம் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமி இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற காலம் அது. (பின்பக்க முற்றத்துக்கு வரலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று மௌலவி சொல்லியனுப்பினார். மாமி மௌலவிக்கு நன்றி சொல்லிவிட்டு அறைக்குள்ளேயே இருந்தார்.) முதல் சில நாள் அவர் ஜன்னலைத் திறக்கவேயில்லை. பிறகு ஒரு காலை திறந்தார். ஹாஜியார் விளிம்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மாமா தீனி போடுகிற நேரம் அது.

"அவருக்கு யாரும் சொல்லல்ல போல" என்றார் மாமி.

அன்று நான் செய்ததுதான் என் வாழ்க்கையில் உருப்படியான ஒரே பொறியியல் வேலை. கிணற்று வேலையில் மிஞ்சிக் கிடந்த பைப்பை எடுத்து, ஜன்னல் கம்பிக்கும் குளத்து விளிம்புக்கும் இடையே சரிவாகக் கட்டிக் கொடுத்தேன். மாமி உள்ளே இருந்தபடியே பாண் துண்டைப் பிய்த்துப் பைப்பில் போட்டு, ஒரு சிரட்டை தண்ணீரை ஊற்றுவார். பாண் வழுக்கிக்கொண்டு போய்க் குளத்தில் விழும். அதற்கு முன் கரண்டியால் பைப்பை டக் டக்கென்று தட்டுவார். சில நாளிலேயே தட்டுகிற சத்தம் கேட்டதும் மீன்கள் வரப் பழகிவிட்டன. முன்னால் ஹாஜியார், பின்னால் மற்றவை. புளி கணக்குப் பார்த்த மாமி, இப்போது தன் பங்குப் பாணிலும் பாதியை அதற்குப் போட்டார். இரவல் நகைபோல எந்த நேரமும் கையில் ஒரு தஸ்பீஹ் மணி, மறு கையில் அந்தக் கரண்டி. நாளெல்லாம் அவர் பேசியது எங்களோடு கொஞ்சம், மீனோடு நிறைய.

மழை ஓய்ந்தது. குளம் பச்சையாகத் தடித்துக் கிடந்தது. மாமா இல்லாத முதல் துப்புரவு. மாமி என்னைக் கூப்பிட்டு, மாமா செய்கிற மாதிரியே செய்யும்படி சொன்னார். முழுசாக இறைக்க வேண்டாம் என்றார். நான் தலையை ஆட்டினேன். பிறகு ஜன்னலை மூடிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். சேற்று நாற்றம் வரும் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. துக்கத்தில் இருக்கிற மனுசி திரும்ப ஜன்னலைத் திறக்கும்போது குளம் கண்ணாடிபோல இருக்க வேண்டும், மருமகன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவர் வாய் சொல்ல வேண்டும். ஆசை யாரை விட்டது.

குளத்தை அடிவரை இறைத்தேன். சுவரைத் தென்னந்தும்புப் பிரஷால் தேய்த்தேன். பாசி போகவில்லை. அப்போதுதான் என் பரம்பரை மூளை வேலை செய்தது. உப்பளத்தில், உப்பு விளைகிற கடைசிப் பாத்தியில் ஒரு துளி பாசி கிடையாது. ஏன் கிடையாது? உப்பு. மோட்டார் சைக்கிளின் பின்னால் எப்போதும் ஒரு மூட்டை கிடக்கும் (எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை, உப்போடு அனுப்புவோம்). அதை அவிழ்த்தேன். பாதியைச் சுவரில் போட்டுத் தேய்த்தேன். சுவர் பளிச்சிட்டது. பாசி திரும்ப வராமல் இருக்க, மீதியைப் புதுத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். பேசினில் காத்திருந்த மீன்களை அதில் விட்டேன். ரிஸானா சமையலறை வாசலில் நின்று, மீனுக்கு உப்பு ஒத்துக்குமா என்று கேட்டாள். கடல் முழுக்க உப்புத்தானே, அதில் மீன் இல்லையா என்று நான் கேட்டேன். அவள் உள்ளே போனதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை அஸருக்குப் பிறகு மாமி ஜன்னலைத் திறந்தார். தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அடி தெரியுது மகன்" என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுப் பின்பக்கம் போனேன். மீன்களெல்லாம் மேலே மிதந்தன. ஹாஜியார் அல்லி இலையோரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தொப்பி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. கையில் எடுத்தபோது அது கருவாட்டுக்கு உப்பில் ஊறவைத்த மீன் மாதிரியே இருந்தது. எங்கள் தொழிலில் அப்படித்தான் முடியும் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஜன்னல் மூடியிருந்தது. நல்லவேளை என்று எண்ணிக்கொண்டு, வேலி ஓரத்தில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தேன். மண்ணைத் தள்ளும்போது "இன்னா லில்லாஹி" என்று வாயில் வந்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன். மாமாவின் கபுரில் மண் போட்ட அதே கை இது என்று தோன்றியது. அங்கேயே குந்தியிருந்து அழுதேன். மீனுக்காகவா, மாமாவுக்காகவா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அழுது முடிந்ததும் ஒரு நல்லவன் நேரே போய் உண்மையைச் சொல்லியிருப்பான். என்னால் முடியவில்லை. ஒரு முறை அந்த அறைக்குள் போய் ஒரு மௌத்தைச் சொன்னவன் நான். இன்னொரு முறை போய் அதே முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் பொய் சொன்னேன். தண்ணீர் மாறியதால் மீன்கள் பயந்து அடியில் ஒளிந்திருக்கின்றன, சில நாளைக்குத் தட்ட வேண்டாம், ஜன்னலையும் திறக்க வேண்டாம் என்று ஜன்னலோரம் நின்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், குளம் கண்ணாடி. அடியில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் எண்ணலாம். ஒளிய அங்கே ஓர் எறும்புக்குக்கூட இடமில்லை.

ஆக, ஒரு நாள் முழுக்கக் குளத்தைத் துப்புரவாக்கியவன், அடுத்த நாள் முழுக்க அதை அழுக்காக்கினேன். உப்புத் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். பக்கத்துக் காணியில் போய்ச் சேறு கேட்டேன். எல்லோரும் குளத்திலிருந்து சேற்றை வெளியே எடுக்கிற பருவத்தில், வாளியோடு வந்து சேறு கேட்கிறவனை அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! வாடிய இலை, சருகு, கொஞ்சம் சாணி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டுக் கலக்கினேன். இறைத்த உப்புத் தண்ணீர் எங்கே ஓடியது என்று அப்போது கவனிக்கவில்லை. அது நேரே தேசிக்காய் மரத்தடிக்கு ஓடியது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

மதுரங்குளியில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போனேன். செம்மஞ்சள் கார்ப், தலையில் வெள்ளைத் தொப்பி வேண்டும் என்றேன். கடைக்காரர் தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம் சிரித்தார். தேடித் தேடி, அதே பருமனில் ஒன்று அகப்பட்டது. வெள்ளையும் இருந்தது. ஆனால் வாலில். தொப்பியைக் கழற்றிப் பின்பக்கம் சொருகிக்கொண்ட ஹாஜியார். வால் எது தலை எது என்பதும், மற்ற மீன்கள் இல்லாததும் கலங்கின தண்ணீரில், ஜன்னல் தூரத்தில், அழுத கண்ணுக்குத் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வாங்கி வந்து குளத்தில் விட்டேன். இந்த முறை உப்பு போடவில்லை என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

புது மீனுக்குக் கரண்டிச் சத்தம் தெரியாதே! மாமி தட்டினார். பாண் துண்டு வழுக்கி வந்து விழுந்து மிதந்தது. ஒன்றும் வரவில்லை. திரும்பத் தட்டினார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டக் டக். பிறகு அமைதி. பிறகு டக் டக். வீட்டில் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, உள்ளே இருந்துகொண்டு திறக்காமல் நிற்பது மாதிரி இருந்தது. போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள் ரிஸானா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, இன்றும் என் பிள்ளைகள் நடித்துக்காட்டிச் சிரிக்கிற காரியத்தைச் செய்தேன். காலையில் மாமி தட்டுகிற நேரத்துக்கு முன்பே போய், குளத்தருகே இருந்த தண்ணீர் பீப்பாவின் பின்னால் குந்திக்கொள்வேன். கையில் மண்வாரியின் பிடி. கரண்டிச் சத்தம் கேட்டதும் பிடியைத் தண்ணீரில் விட்டுச் சளசளவென்று கலக்குவேன். பாண் துண்டைப் பிடியால் அமுக்கித் தாழ்த்துவேன். உப்பளத்துக்கு மேற்பார்வை பார்க்கிற, மீசை வைத்த, வயிறு தள்ளிய ஒரு மனிதன், காலைக் கருக்கலில் மீனாக நடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மேலே ஜன்னலிலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"இண்டைக்கு ஹாஜியாருக்கு நல்ல பசி போல."

நான் இன்னும் பலமாகக் கலக்கினேன்.

இத்தா முடிகிற நாள் வந்தது. வீட்டில் கத்தம் ஓதினார்கள். உறவுக்காரப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மாமி குளித்து, உடுத்து, அறையை விட்டு வந்தார். எல்லோரும் அவர் முன்வாசலுக்கு வருவார் என்று காத்திருக்க, அவர் பின்பக்கம் திரும்பினார். நானும் பின்னால் போனேன். தேசிக்காய் மரம் இலையெல்லாம் கொட்டி, ஈர்க்குபோல நின்றது. மாமி அதைப் பார்த்தார். பிறகு குளத்தருகே வந்து நின்றார். புது மீன் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, எங்களுக்கு வாலைக் காட்டித் திரும்பியது. மாமி குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"இவரு இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல போல" என்றார்.

பெண்களுக்கு விளங்கவில்லை. ரிஸானாவுக்கு விளங்கியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்புக்கா அழுகைக்கா தெரியாது. எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமி பெண்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, குளத்து விளிம்பில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜன்னல் பலகையில நீக்கல் இருக்கு மகன். அண்டைக்கு சுபஹுக்குப் பொறகு நீங்க குழி தோண்டினதக் கண்டேன். குந்தியிருந்து அழுததையும் கண்டேன்."

அப்படியென்றால் இத்தனை நாளும் ஏன் தட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு மௌத்த வந்து சொல்லி நான் கேட்டது போதும். இதையாவது யாரும் வந்து சொல்லாம இருக்கட்டும் எண்டு நெனச்சேன். நீங்க சொல்லாத வரைக்கும் அவரு இருக்காரு. அதான் தட்டினேன்."

பிறகு, பீப்பாவுக்குப் பின்னால் குந்துகிறவர் தலைத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தியிருக்க வேண்டும் என்றார். ஜன்னலிலிருந்து பார்த்தால் பீப்பாவுக்கு மேலே வெள்ளைத் தொப்பி மட்டும் தெரியுமாம். அதைப் பார்த்தபடிதான் தினமும் பாண் போட்டாராம். மாமா மௌத்தான பிறகு முதல் தரம் சிரித்தது அதைப் பார்த்துத்தானாம். சொல்லும்போதும் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இத்தா முழுக்க அவர் சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. அந்தப் பிற்பகல்தான் அழுதார்.

அடுத்த வருடம் மழை ஓய்ந்ததும் நான் வாளியோடு போனேன். மாமி ஜன்னலில் நின்றார்.

"மகன், கையக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையையும் உதறிக் காட்டச் சொன்னார். உப்பு இல்லை என்று உறுதியான பிறகுதான் குளத்தில் இறங்க அனுமதி. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் இந்தப் பரிசோதனை நடந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டுவார்கள். பிறகு மாமாவின் முறைப்படி, மூன்றில் ஒரு பங்கு பழைய தண்ணீரை விட்டு, பாசியை மேலோட்டமாகத் தேய்த்துத் துப்புரவு செய்வேன். தேசிக்காய் மரம் இருந்த இடத்தில் எதை நட்டாலும் பிடிக்கவில்லை. புது மீன் கரண்டிச் சத்தத்துக்கு வரப் பழகியது. வயதாக ஆக அதன் நிறம் வெளிறி, வெள்ளை வாலிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனது. "புறப்பட்டுட்டாரு" என்று ஒரு வருடம் மாமி அறிவித்தார். ஹஜ்ஜுக்குப் போக அவருக்குத்தான் கடைசிவரை வாய்க்கவில்லை.

போன வருட நோன்பு முடிந்த கையோடு மாமி மௌத்தானார். அவருடைய அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. பைப்பை நான் கழற்றவில்லை. வெயிலில் காய்ந்து, வெடித்து, இன்னும் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.

இந்த வருடம் மழை ஓய்ந்தும் நாட்களைக் கடத்தினேன். குளம் பச்சையாகத் தடித்தது. கடைசியில் ஒரு காலை வாளியை எடுத்துக்கொண்டு போனேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனவன், இறங்காமல் நின்றேன். பழக்கம். என்னை அறியாமல் இரண்டு கையையும் மூடிய ஜன்னலுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் திறந்தது. ரிஸானா நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் அந்தக் கரண்டி.

"மத்தப் பக்கம்" என்றாள்.

திருப்பிக் காட்டினேன்.